எவ்வளவு மிச்சம் என்பார்கள்?

2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் புதிய சிக்கன அமைப்பு தன் சாதனைகளை ரசீது ரசீதாக இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. பட்டியலில் முதலிடம் பிடித்தது குடியேற்ற, சுங்க அமலாக்க முகமையின் ஒப்பந்தம் ஒன்று. அதை ரத்துசெய்ததால் மிச்சம் 800 கோடி டாலர் என்று எழுதியிருந்தது. அந்த முகமை ஓர் ஆண்டு முழுக்கச் செலவழிப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் மூல ஆவணத்தைத் தேடிப் பார்த்தார்கள். ஒப்பந்தத்தின் மதிப்பு 80 லட்சம் டாலர். அதில் 25 லட்சம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மிஞ்சக்கூடியது அதிகபட்சம் 55 லட்சம்.

பிழையைத் திருத்தினார்கள். ஆனால் பட்டியலின் தலையில் இருந்த மொத்தத் தொகையான 5,500 கோடி டாலர் ஒரு காசும் இறங்கவில்லை. அந்தத் தொகைக்கு ஆதாரமாகக் காட்டிய ரசீதுகளைக் கூட்டினால் 1,660 கோடிதான் வந்தது. அதிலும் ஏறக்குறைய பாதி அந்த ஒரே பிழை. அடுத்த வாரம் மிகப் பெரிய ஐந்து ரசீதுகள் சத்தமில்லாமல் நீக்கப்பட்டன. அதே சமயம் தலையில் இருந்த மொத்தம் 6,500 கோடியாக ஏறியது. அடிக்கல்லை உருவ உருவக் கோபுரம் உயர்ந்துகொண்டே போனது.

அரசாங்கம் ஒன்று செலவைக் குறைக்கப் புறப்படும்போது, கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று அறிவிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும் என்பது என் துணிபு. உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் ஓரளவு சொல்லலாம். பெரும்பாலோர் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவதற்கான விடை பேனா பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. இரண்டாவதற்கான விடை கருவூலத்தின் பேரேட்டில் இருக்கிறது. இந்தக் கட்டுரை இரண்டையும் தனித்தனியே பார்க்கிறது.

வாக்குறுதியிலிருந்து தொடங்குவோம். 2024 அக்டோபர் 27 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த டிரம்ப்பின் தேர்தல் கூட்டத்தில், எவ்வளவு செலவைக் கிழித்தெறிய முடியும் என்று டிரம்ப் அணியின் ஹோவார்ட் லட்னிக் கேட்க, குறைந்தது 2 டிரில்லியன் டாலர் என்றார் தொழிலதிபர் எலான் மஸ்க். நம் கணக்கில் 2 லட்சம் கோடி டாலர். 2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவு 6.75 லட்சம் கோடி. ஏறக்குறைய முப்பது சதவீதத்தை வெட்டுவேன் என்று ஒருவர் சொல்லும்போது, எதிலிருந்து வெட்டுவார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

முதியோருக்கான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் மட்டும் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி. கடனுக்கான நிகர வட்டி 88,000 கோடிக்கு மேல். மெடிகேர், மெடிகெய்ட் என்னும் இரு மருத்துவத் திட்டங்கள் வேறு. இவையெல்லாம் சட்டப்படி தானாக நடந்தேறும் செலவுகள். ஆண்டுதோறும் காங்கிரஸ் உட்கார்ந்து வாக்களித்து ஒதுக்குகிற பணம் எல்லாம் சேர்ந்தே 1.8 லட்சம் கோடிதான். அதில் ஏறக்குறைய பாதி ராணுவத்துக்குப் போய்விடும். அதாவது ராணுவம், நீதிமன்றம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, விண்வெளி ஆய்வு, தேசியப் பூங்காக்கள் என அத்தனையையும் இழுத்து மூடினாலும் 2 லட்சம் கோடி தேறாது. ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினால்? 2022 கணக்குப்படி 23 லட்சம் சிவில் ஊழியர்களுக்கான சம்பளமும் சலுகைகளும் சேர்ந்து 27,100 கோடி டாலர். ஒருவர் மிச்சமில்லாமல் அத்தனை பேரையும் அனுப்பினாலும் வாக்குறுதியில் ஏழில் ஒரு பங்கைத்தான் எட்டும்.

இந்தக் கணக்கைப் போட அரைமணி நேரம் போதும். அப்படிப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது வியப்பைத் தந்திருக்காது. 2025 ஜனவரியில், 2 லட்சம் கோடி என்பது நினைத்ததெல்லாம் நடந்தால் கிடைப்பது, 1 லட்சம் கோடிக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் மஸ்க். ஜனவரி 20 அன்று பதவியேற்ற டிரம்ப் அன்றே ஆணை பிறப்பித்தார். ஒபாமா காலத்தில், 2014இல், தொடங்கிய டிஜிட்டல் சேவைப் பிரிவின் பெயரை மாற்றி, ‘அரசு செயல்திறன் துறை’ என்னும் டோஜ் அமைப்பை உருவாக்கினார். தொடக்கத்தில் பார்த்த சிக்கன அமைப்பு இதுதான்; அதை வழிநடத்தியவர் மஸ்க். அதன் தற்காலிக அமைப்புக்கு 2026 ஜூலை 4 வரை ஆயுள் குறிக்கப்பட்டது. ஏப்ரல் 10 அன்று அமைச்சரவைக் கூட்டத்தில் மஸ்க் சொன்ன தொகை 15,000 கோடி டாலர். ஆறு மாதத்துக்குள் இலக்கு பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இலக்கு இறங்கிக்கொண்டே வர, அறிவிப்புப் பலகையில் ‘மிச்சம்’ ஏறிக்கொண்டே போனது. பிப்ரவரியில் 5,500 கோடி, மார்ச் தொடக்கத்தில் 10,500 கோடி, ஏப்ரல் 20 வாக்கில் 16,000 கோடி, மே மாதக் கடைசியில், மஸ்க் விடைபெற்றபோது, 17,500 கோடி, அக்டோபர் தொடக்கத்தில் 21,400 கோடி. இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதல் மூன்று மாதத்தில் 16,000 கோடி. அடுத்த ஐந்தரை மாதத்தில் 5,400 கோடிதான். வெட்டுவதற்கு எளிதானவையும், வெட்டியதாக எழுதுவதற்கு எளிதானவையும் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடும். தலைமை தாங்கியவர் போனபின் எழுதும் வேகமும் குறையும். எண்கள் 500 கோடியின் மடங்குகளாகவே பெரும்பாலும் தாவின. ஒவ்வொரு ரசீதையும் கூட்டி வந்த மொத்தம் இப்படி வட்டமாகத் தாவாது. எழுதுபவர்களின் மதிப்பீடுதான் இப்படித் தாவும்.

கால்ஷி, பாலிமார்க்கெட் போன்ற கணிப்புச் சந்தைகளில் இதன்மேல் பந்தயமே நடந்தது. அத்தகைய பந்தயத்தில் இறங்குபவர் முதலில் படிக்க வேண்டியது விதிமுறை வாசகத்தை. ‘டோஜ் எவ்வளவு மிச்சம் என்று அறிவிக்கும்’ என்பது ஒரு பந்தயம். ‘மத்திய அரசின் செலவு எவ்வளவு குறையும்’ என்பது முற்றிலும் வேறு பந்தயம். முதலாவதில் என் பணம் ஏறுமுகத்தின் பக்கம்தான் இருக்கும். எண்ணை எழுதுபவரே அதைச் சரிபார்ப்பவராகவும் இருக்கும்போது, அந்த எண் இறங்குவதற்குக் காரணமே இல்லை. 800 கோடிப் பிழை அம்பலமான அடுத்த வாரத்திலேயே மொத்தம் ஏறியதைவிட இதற்கு வேறு சான்று வேண்டாம். இரண்டாவதில், பணம் எதிர்ப்பக்கம்.

இனி அந்த எண்ணின் அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கல்யாணத்துக்குச் சமையல் கான்ட்ராக்ட் பேசுகிறோம். ‘ஆயிரம் இலை வரைக்கும் போகலாம், இலைக்கு இவ்வளவு’ என்று பேச்சு. முகூர்த்தத்துக்கு வரப்போவது முந்நூறு பேர் என்பது பெண் வீட்டாருக்கும் தெரியும், சமையல்காரருக்கும் தெரியும். ஆயிரம் என்பது உச்சவரம்பு, அவ்வளவே. இப்போது பெரியப்பா ஒருவர் வந்து அந்த கான்ட்ராக்டையே நிறுத்திவிட்டு, ஆயிரம் இலைக்கான பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அமெரிக்க அரசின் கொள்முதலில் இப்படி உச்சவரம்பு மட்டும் குறித்துவைத்து, தேவைப்படும்போது தேவைப்பட்டதை வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் ஏராளம். உச்சவரம்பு நூறு கோடியாக இருக்கும். உண்மையில் ஒப்புக்கொண்ட பணம் சில லட்சமாக இருக்கும். டோஜ் பட்டியலில் பல இடங்களில் மிச்சமாக எழுதியது உச்சவரம்புக்கும் அதுவரை செலவானதற்கும் உள்ள வித்தியாசத்தை. அந்தப் பணத்தை யாரும் ஒதுக்கவில்லை, யாரும் செலவழிக்கத் திட்டமிடவும் இல்லை. இல்லாத இலைகளை எண்ணிய கணக்கு அது.

2025 ஆகஸ்டில் பொலிட்டிகோ ஏடு இந்த ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுதியது. ஜூலை வரை ஒப்பந்த ரத்துகளால் 5,280 கோடி டாலர் மிச்சம் என்பது அறிவிப்பு. சரிபார்க்க முடிந்தவற்றில் உண்மையாகத் திரும்பி வந்தது சுமார் 140 கோடி.

அடுத்தது இரட்டைக் கணக்கு. யுஎஸ்எய்ட் என்னும் வெளிநாட்டு உதவி முகமையின் 65.5 கோடி டாலர் பதிவு ஒன்று மூன்று முறை ஏறியிருந்தது. பிறகு முழுமைக்கும் பகுதிக்கும் உள்ள குழப்பம்: சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணினிப் பணி ஒப்பந்தம் ஒன்றில் சிறு துண்டு ஒன்றை மட்டும் நிறுத்தியதற்கு முழு ஒப்பந்தத்தின் 23.2 கோடியையும் மிச்சமாகக் காட்டினார்கள். நிறுத்திய துண்டின் மதிப்பு 5.6 லட்சம். இன்னொன்று, பல ஆண்டுக்கான ஒப்பந்தத்தின் மொத்தத்தையும் ஒரே நாளில் மிச்சமாக எழுதுவது. ஐந்து ஆண்டுகளில் செலவாகியிருக்க வேண்டியதை இந்த ஆண்டின் பற்றாக்குறையோடு வைத்துப் பேசினால் எண் ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும்.

இந்தப் பட்டியலில் இந்தியாவின் பெயரும் அடிபட்டது. ‘இந்தியாவில் வாக்குப்பதிவை அதிகரிக்க 2.1 கோடி டாலர்’ என்னும் உதவியை ரத்துசெய்ததாக 2025 பிப்ரவரியில் டோஜ் அறிவித்தது. இங்கே அரசியல் கட்சிகள் ஒன்றையொன்று குற்றம்சாட்டின, தொலைக்காட்சி விவாதங்கள் நாள்கணக்கில் நடந்தன. அந்தப் பணம் 2022இல் வங்கதேசத்துக்கு என ஒதுக்கப்பட்டது என்று இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆவணங்களைக் காட்டி எழுதியது. 2014 முதல் 2024 வரை இந்தியாவில் வாக்குப்பதிவுக்காக அப்படி ஒரு தொகையை யுஎஸ்எய்ட் பெறவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று அமெரிக்கத் தூதரகம் தெரிவித்ததாக, ஆகஸ்டில் மாநிலங்களவையில் வெளியுறவுத் துறை பதில் அளித்தது. அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. தவறான எண்ணுக்கு ஒரு நாள் போதும்; அதைத் திருத்த அரையாண்டு ஆகிறது. இதில் எனக்கு உண்மையாகவே வேதனை உண்டு. பொதுப் பணத்தைப் பற்றிய பேச்சில் மக்கள் ஆர்வம் காட்டுவது அபூர்வம். அந்த அபூர்வ ஆர்வத்தை இப்படி வீணடிக்கக் கூடாது.

இதெல்லாம் டிரம்ப் ஆட்சிக்கே உரிய குணம் என்று எண்ணினால் தவறு. நூறு ஆண்டு வரலாறு வேறு கதை சொல்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எரிக் கெடஸ் தலைமையில் அமைந்த குழுவிடம் 10 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க வழி கேட்டார்கள். 1922இல் குழு பரிந்துரைத்தது ஏறத்தாழ 8.7 கோடி. அமைச்சரவை ஏற்றுக்கொண்டது ஏறத்தாழ 5.2 கோடி. கேட்டது, பரிந்துரைத்தது, ஏற்றது என்று படிக்குப் படி சுருங்கும் இந்த வரிசை பின்னாளில் வந்த எல்லா முயற்சிகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

1982இல் ரீகன் ஒரு குழு அமைத்தார். தொழிலதிபர் பீட்டர் கிரேஸ் தலைமை. 1984 ஜனவரியில் 2,478 பரிந்துரைகளுடன் அறிக்கை வந்தது. மூன்று ஆண்டில் 42,440 கோடி டாலர் மிச்சம் என்றது. காங்கிரசின் வரவு செலவு அலுவலகமும் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அலுவலகமும் சேர்ந்து முக்கியப் பரிந்துரைகளை எடுத்து ஆராய்ந்தன. கிரேஸ் குழு 29,800 கோடி என்று சொன்ன பகுதியில் அவர்கள் கண்டது 9,800 கோடி. மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதிக்குக் காங்கிரஸ் சட்டமே மாற்ற வேண்டியிருந்தது. வீண்செலவை ஒழிப்பது என்ற பெயரில் கொள்கை முடிவுகளே கேட்கப்பட்டன.

1993 செப்டம்பரில் கிளின்டனும் துணை அதிபர் அல் கோரும் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்றார்கள். பின்னால் இரண்டு ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் நிறைய அரசு விதிமுறைத் தாள்கள். ஐந்து ஆண்டில் 10,800 கோடி டாலர் மிச்சம் என்பது அன்றைய அறிவிப்பு. அதன் ஒரு பகுதியைச் சட்ட முன்வரைவாகக் கொண்டுவந்தபோது, 590 கோடி மிச்சம் என்று அரசு சொன்னது. வரவு செலவு அலுவலகம் கணக்கிட்டுப் பார்த்து 30.5 கோடி என்றது. இருபதில் ஒரு பங்கு. பின்னாளில் அந்த முயற்சி 13,700 கோடி மிச்சம் தந்ததாக அறிவிக்கப்பட்டது. 1999இல் தணிக்கை அலுவலகம் சில துறைகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. இருமுறை எண்ணியதும், வேறு காரணங்களால் குறைந்ததை இந்த முயற்சியின் பலனாகச் சேர்த்துக்கொண்டதும் தெரியவந்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கோர் காலத்தில் ஊழியர் எண்ணிக்கை உண்மையாகவே பல லட்சம் குறைந்தது. ஆனால் பனிப்போர் முடிந்து ராணுவத் துறை சுருங்கியதற்கு அதில் பெரும்பங்கு உண்டு.

பிரிட்டனில் 2004இல் பீட்டர் கெர்ஷன் ஆய்வு 2,150 கோடி பவுண்டு இலக்கு வைத்தது. மிச்சம் 1,330 கோடி வந்துவிட்டது என்று அரசு சொன்ன கட்டத்தில், 2007 பிப்ரவரியில், தேசியத் தணிக்கை அலுவலகம் அதை மூன்றாகப் பிரித்தது. நம்பத்தக்கது 350 கோடி. மிச்சம் இருக்கலாம், அளவீடு உறுதியில்லை என்பது 670 கோடி. மிச்சமே இல்லாதிருக்கலாம் என்பது 310 கோடி. எனக்கு இந்த மூன்று அடுக்குப் பிரிப்பு மிகவும் பிடிக்கும். பொய், மெய் என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லாமல், எவ்வளவு தெரியும் என்பதை நேர்மையாகச் சொல்கிறது.

நம் வீட்டு அடுப்படியிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சமையல் எரிவாயு மானியத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் போடும் ‘பஹல்’ திட்டம் 2015 ஜனவரி முதல் நாடெங்கும் வந்தது. போலி இணைப்புகள் ஒழிந்து பல்லாயிரம் கோடி மிச்சம் என்று பேச்சு. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2016 அறிக்கையில் கணக்கைப் பிரித்தார். 2014 ஏப்ரல்–டிசம்பரை ஒப்பிட, 2015இன் அதே மாதங்களில் மானியச் செலவு 23,316 கோடி ரூபாய் குறைந்திருந்தது. அதில் 21,552 கோடி உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததால். மானிய சிலிண்டர்கள் குறைவாகப் போனதால் மிஞ்சியது 1,764 கோடி. நூற்றுக்கு எட்டுகூட இல்லை. அந்த 1,764 கோடியும் நல்ல பணம்தான். அதை மதிக்க வேண்டும். எண்ணெய் விலையின் தயவை நிர்வாகத்தின் திறமையாக எழுதுவதுதான் சிக்கல்.

இப்படி வரிசையாக வைத்துப் பார்த்தால் கணிப்பாளனுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கிறது. தணிக்கையாளர் கைக்குப் போன மிச்சங்கள் இருபதில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரைதான் தேறியிருக்கின்றன. புதிதாக எந்த அரசாவது ஒரு தொகையைச் சொன்னால், விவரம் ஏதும் தெரியாத நிலையில் நான்கில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு தொடங்குவேன். விவரம் தெரியத் தெரிய அதை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம்.

உண்மையாகவே செலவு குறைந்த இடம் ஒன்று உண்டு: 1990களின் கனடா. 1993–94இல் பற்றாக்குறை ஏறத்தாழ 4,200 கோடி கனடா டாலர். பிரதமர் ஜான் கிரெட்டியன், நிதியமைச்சர் பால் மார்ட்டின் ஆகியோர் ஒவ்வொரு துறையையும் தன் திட்டங்களை எடுத்துவைத்து, இதை அரசு செய்யத்தான் வேண்டுமா, மாகாணம் செய்யலாமா, தனியார் செய்யலாமா என்று கேட்க வைத்தார்கள். 1995 பட்ஜெட்டில் 45,000 பணியிடங்கள் குறைப்பு. மாகாணங்களுக்கான நிதியும் வெட்டப்பட்டது. மருத்துவமனைகளும் கல்லூரிகளும் அந்த வலியைச் சுமந்தன, அதை மறைக்கக் கூடாது. 1997–98இல் பட்ஜெட் உபரிக்கு வந்தது. கனடாவில் இலக்கே பற்றாக்குறை விகிதமாக, நாட்டு உற்பத்தியில் 3 சதவீதம் என்று வைக்கப்பட்டது. ‘எவ்வளவு மிச்சம்’ என்று தனியாக ஒரு பலகை எழுத வேண்டிய தேவையே வரவில்லை. செலவு குறைந்ததா என்பதைப் பேரேடே சொல்லும். அமைச்சர் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுகளுக்கு நாடாளுமன்றமும் வாக்களித்தது.

அந்தக் கடைசி வரியில்தான் அமெரிக்கக் கதையின் முடிச்சு இருக்கிறது. அங்கே பணத்தை ஒதுக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு. ஒதுக்கிய பணத்தை அதிபர் தன் விருப்பப்படி செலவழிக்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நிக்சன் காலத்துச் சண்டைக்குப் பின் 1974இல் தனிச் சட்டமே வந்தது. வேண்டாம் என்றால் காங்கிரசிடம் கேட்டு ஒதுக்கீட்டை ரத்துசெய்ய வேண்டும். ஒரு ஒப்பந்தத்தை ரத்துசெய்தால் ஒதுக்கீடு ரத்தாவதில்லை. அந்தத் துறை அதே பணத்தில் வேறொன்றை வாங்கலாம். 2025 மார்ச்சில் காங்கிரஸ் நிறைவேற்றிய செலவுச் சட்டம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் அளவுகளையே தொடர்ந்தது. ஜூலை 24 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ரத்துச் சட்டம் வெளிநாட்டு உதவியிலும் பொது ஒலிபரப்பிலும் வெட்டிய தொகை 900 கோடி டாலர். அந்நேரம் பலகையில் இருந்தது 19,000 கோடி அளவில். சட்டத்தின் முத்திரை விழுந்தது இருபதில் ஒரு பங்குக்குத்தான்.

மிச்சக் கணக்குக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, பலகையில் அதற்கு இடமே கிடையாது. அணு ஆயுதங்களைக் காக்கும் முகமையில் பிப்ரவரியில் சில நூறு பேரை நீக்கிவிட்டு, உடனே பெரும்பாலோரைத் திரும்ப அழைத்தார்கள். விலகினால் செப்டம்பர் வரை சம்பளம் என்ற திட்டத்தை ஏற்று ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். அத்தனை மாதமும் வேலையில்லாச் சம்பளம் செலவில் சேர்ந்தது. வரி வசூல் துறை சில மாதங்களில் தன் ஊழியர்களில் கால்வாசியை இழந்தது. வரி ஏய்ப்பைத் தேடிப் பிடிக்கும் கை குறைந்தால் வரவும் குறையும். செலவில் ஒரு டாலர் குறைந்து வரவில் ஒன்றரை டாலர் குறைந்தால் அதற்கு மிச்சம் என்று பெயரில்லை.

யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 அன்று தனி முகமையாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. 1995 முதல் சென்னையின் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் அமைப்பு வழியாகத் தமிழ்நாட்டில் நடந்த எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்துக்குப் பணம் தந்தது இந்த முகமைதான். நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் கூசிய காலம் அது. அந்தப் பணத்தால் தொற்று வராமல் தப்பியவர்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது? செலவு ஒரு வரியாக எழுதப்படுகிறது, அதை நிறுத்தியது மிச்சமாக இன்னொரு வரியில் எழுதப்படுகிறது; அந்தப் பணம் என்ன வாங்கித் தந்தது என்பதற்கு மட்டும் பத்தியே இல்லை. இன்று ஆப்பிரிக்காவில் இதே பணத்தை நம்பி மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

வீண்செலவு என்பதே கற்பனை என்று சொல்ல வரவில்லை. 2024 நிதியாண்டில் மட்டும் தவறாக, அல்லது போதிய ஆவணமின்றிக் கொடுக்கப்பட்ட தொகை 16,200 கோடி டாலர் என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகமே சொல்கிறது. அதன் பெரும்பகுதி மருத்துவத் திட்டங்களிலும் வரிச் சலுகைகளிலும் கலந்து கிடக்கிறது. அதைப் பிடிக்க ஆட்கள் வேண்டும். பில்லை நோயாளியோடும் மருத்துவரோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையான வேலை அது. அந்த வேலைக்கென்றே துறைதோறும் இருந்த தலைமைக் கண்காணிப்பாளர்களில் சுமார் 17 பேரை ஜனவரி 24 இரவு பதவி நீக்கினார்கள். புதிய அரசு பொறுப்பேற்று நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மிச்சத்தைச் சரிபார்க்கும் வெளிக்கை இருக்கிறதா என்பதே என் கணிப்பில் மிகக் கனமான சான்று. அந்தக் கை விலக்கப்பட்ட அன்றே, அறிவிக்கப்படும் எண்ணை மேலே தூக்கியும், தேறும் எண்ணைக் கீழே இறக்கியும் எழுதியிருப்பேன்.

தேறும் எண்ணுக்கு எப்படி மதிப்புப் போடுவது? ஊழியர் குறைப்பை எடுத்துக்கொள்ளலாம். டோஜ் முயற்சியில் நிலைத்து நிற்கக்கூடிய மிச்சம் இதுதான். ஆண்டு முடிவில் 3 லட்சம் பேர் குறைவாக இருப்பார்கள் என்று பணியாளர் அலுவலகத் தலைவர் ஸ்காட் குபோர் 2025 ஆகஸ்டில் சொன்னார். 23 லட்சம் பேருக்கு 27,100 கோடி என்ற பழைய விகிதத்தில், 3 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 3,500 கோடி டாலர் சுற்றி வருகிறது. விட்ட வேலையை ஒப்பந்தக்காரர்களிடம் கொடுக்காமல் இருந்தால்தான் இதுவும். மொத்தச் செலவில் இது நூற்றுக்கு அரை. பெரிய தொகைதான், ஆனால் 2 லட்சம் கோடிப் பேச்சுக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

நவம்பரில் அதே குபோர், டோஜ் இனி ஒரு மைய அமைப்பாக இல்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தியாளரிடம் சொன்னார். ஆணையில் குறித்த ஆயுளில் இன்னும் ஏழு மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

அமெரிக்கக் கருவூலம் ஒவ்வொரு வேலைநாளும் தன் வரவு செலவை வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டோஜ் பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு, 2025 ஜனவரி 17 அன்று, காங்கிரசின் வரவு செலவு அலுவலகம் தன் வழக்கமான கணிப்பை வெளியிட்டது: 2025 நிதியாண்டில் மத்திய அரசின் செலவு 7 லட்சம் கோடி டாலராக இருக்கும். செப்டம்பர் 30 அன்று ஆண்டு முடிந்து கருவூலம் பேரேட்டை மூடியபோது, செலவு 7.01 லட்சம் கோடி.